தனியாக நெடுந்தூர சைக்கிள் பயணம்: நடுவில் வரும் 'மெதுவான நாளை' எப்படி வைத்துக்கொள்வது?

தனிச்சக்கரம்:

வணக்கம். 6 வாரப் பயணம், தனி ஆள், நாளுக்குச் சராசரி 85 கி.மீ. கூடாரம், அடுப்பு, துணிமணி எல்லாம் சேர்த்துச் சுமை 19 கிலோ. ஸ்டீல் ஃபிரேம், 700×38 டயர், பின் வீலில் 36 ஸ்போக், 9 ஸ்பீடு, கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஆறு நாளுக்கு ஒரு நாள் மெதுவான நாள் என்று திட்டத்தில் இடம் விட்டிருக்கிறேன்.

அன்றைக்கு வண்டியைத் தொடாமலே இருப்பது நல்லதா, 30 - 35 கி.மீ. மட்டும் உருட்டுவது நல்லதா? வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும், எதில் கை வைக்கவே கூடாது? இரண்டு பேராகப் போனால் ஒருவர் சாமானைப் பார்த்துக்கொள்ள மற்றவர் கடைக்குப் போய் வரலாம், தனி ஆள் என்ன செய்வது? உடம்பு பற்றித் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

---

மெதுமிதி:

காலில் பொதுவான அசதி மட்டும்தான் என்றால் உருட்டுவதே மேல். நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தால் மறுநாள் முதல் 20 கி.மீ. கால் கட்டை மாதிரி இருக்கும். லேசாகச் சுற்றினால் ரத்த ஓட்டம் இருக்கும், பிடிப்பும் விடும். அளவு எப்படித் தெரியும் என்றால், மூச்சு வாங்காமல் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பேச ஆள் இல்லையென்றால் பாடிப் பாருங்கள், தனியாகப் போவதில் அந்த வசதி இருக்கிறது. கியர் லேசாக, நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி.

ஆனால் 35 கி.மீ. என்பதை மட்டும் பார்த்து 'மெதுவான நாள்' என்று எழுதிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். அதை ஒரு மீட்டர் மேலே தூக்க 981 ஜூல் வேண்டும். மிதமாக மிதித்து 100 வாட் வந்தால், மொத்தமும் ஏற்றத்துக்கே போனாலும் மணிக்கு 360 மீட்டர் உயரம்தான் ஏற முடியும். 35 கி.மீ.யில் 700 மீட்டர் ஏற்றம் இருந்தால் அதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். அது மெதுவான நாள் இல்லை, தூரம் குறைந்த கடினமான நாள்.

எதிர்க்காற்றும் அப்படித்தான். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகும்போது எதிரே 15 கி.மீ. வேகத்தில் காற்று வந்தால் உங்கள் மேல் படுவது 30 கி.மீ. காற்று. தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. அன்றைக்கு வேகத்தைக் குறையுங்கள், அல்லது புறப்படுவதை விடிகாலைக்குத் தள்ளுங்கள். பல நிலப்பரப்புகளில் காற்று பிற்பகலில்தான் வலுக்கும். மீட்டரில் சராசரி வேகம் காட்டும் திரையை அணைத்துவிடுங்கள். அது கண்ணில் பட்டால் கால் தானாக அழுத்தும்.

முழு ஓய்வு எப்போது? காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடி பாருங்கள். வழக்கத்தைவிட ஏழெட்டுத் துடிப்பு கூடியிருந்து, தூக்கமும் சரியில்லை என்றால் மிதிக்க வேண்டாம். ஒரே ஒரு முழங்காலில், ஒரே ஒரு தசைநாரில், விரல் வைத்துக் காட்டக்கூடிய இடத்தில் வலி இருந்தாலும் வேண்டாம். உட்காரும் இடத்தில் தோல் உரிந்திருந்தாலும் வேண்டாம்.

'இன்று மிதிக்கவில்லையே' என்று சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். தசையில் தீர்ந்த கிளைக்கோஜன் (சேமித்து வைத்த சர்க்கரை) திரும்ப நிரம்ப, மாவுச்சத்து போதிய அளவு சாப்பிட்டால்கூட ஏறக்குறைய 24 மணி நேரம் பிடிக்கும். நிரப்புவதற்குக் கிடைத்த நாளே அதுதான்.

இன்னொன்று. ஆறு நாளுக்கு ஒன்று என்று காலண்டரைக் கட்டிக்கொண்டு அழாதீர்கள். அடுத்து ஆளில்லாத நீண்ட பகுதியோ பெரிய ஏற்றமோ வருகிறதா? அதற்கு முன்னால் சைக்கிள் கடை உள்ள கடைசி ஊரில் அந்த நாளை வையுங்கள், ஐந்தாம் நாளாக இருந்தாலும் ஏழாம் நாளாக இருந்தாலும். அந்த ஊரில் வார விடுமுறை என்றைக்கு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பல்சக்கரம்:

வண்டி வேலையைக் காலையிலேயே முடியுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு ஸ்போக் உடைந்திருப்பதைக் கண்டுபிடித்து என்ன பயன், கடை மூடியிருக்கும்.

செயின்: முதலில் அளவு. 12 அங்குல நீளம், அதாவது ஒரு பின்னின் மையத்திலிருந்து 24 பின் தள்ளியுள்ள பின்னின் மையம் வரை, புதுச் செயினில் 304.8 மி.மீ. ஒரு கையால் பெடலை லேசாக அழுத்திச் செயினை விறைப்பாக வைத்துக்கொண்டு அளக்க வேண்டும். 306.3 வந்தால் அரை சதவீதம் தேய்ந்திருக்கிறது, 307.1 வந்தால் முக்கால் சதவீதம். 9 ஸ்பீடுக்கு முக்கால் சதவீதத்தில் மாற்றலாம், 11, 12 ஸ்பீடுக்கு அரை சதவீதத்திலேயே மாற்ற வேண்டும். 307.8ஐத் தொட்டால் கேசட்டும் (பின் வீலில் உள்ள பல்சக்கர அடுக்கு) கூடவே தேய்ந்திருக்கும். புதுச் செயின் மாட்டினால் பழைய பல்லில் தாவும், இரண்டையும் மாற்ற வேண்டி வரும். செயின் 'இழுபடுகிறது' என்று சொல்வார்கள், தகடு எதுவும் நீள்வதில்லை. பின்னும் அது உரசும் உள்விளிம்பும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது, அவ்வளவுதான்.

பிறகு எண்ணெய். காய்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, கறுப்பு குறையும் வரை துடையுங்கள். குவிக் லிங்கை (செயினைத் திறந்து மூடும் இணைப்புக் கண்ணி) தொடக்கமாக வைத்து, கீழ் ஓட்டத்தில் உள்பக்கமாக, ரோலருக்கு ஒரு சொட்டு. குவிக் லிங்க் திரும்ப வந்ததும் நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, வெளிப்பக்கத்தை மறுபடி நன்றாகத் துடையுங்கள். இந்த இரண்டாவது துடைப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் வேலை செய்வது ரோலருக்கு உள்ளே. வெளியே நிற்கும் எண்ணெய் மண்ணைப் பிடித்து அரைக்கிற பசையாக மாறும். மண்ணெண்ணெயில் ஊறப் போடுவது பயணத்தில் வேண்டாம். உள்ளே இருப்பதையும் கழுவிவிடும், முழுக்க உலராவிட்டால் புதிதாக விடும் எண்ணெயையும் நீர்க்கச் செய்யும். ஸ்ப்ரேயும் வேண்டாம், அந்தத் தூறல் டிஸ்க் ரோட்டரில் (பிரேக்கின் வட்டத் தகடு) பட்டால் அதை அழுத்தும் பேடு போச்சு.

பிரேக்: கேபிள் டிஸ்கில் பேடு தேயத் தேயத் தானாக நெருங்கி வராது. லீவர் ஹேண்டில்பார் வரை வருகிறது என்றால் கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள், காலிப்பரில் (பேடுகளைத் தாங்கும் பிடி) உள்ள பேடு திருகைத் திருப்பிப் பேடை ரோட்டருக்கு அருகே கொண்டுவாருங்கள். உராயும் பொருள் 1 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றுங்கள். லீவர் முனையில் கேபிளின் தலைப்பக்கத்தைப் பாருங்கள், ஒரு இழை பிரிந்திருந்தாலும் அன்றே மாற்ற வேண்டும். கியர் கேபிளும் பெரும்பாலும் ஷிஃப்டருக்கு உள்ளேதான் இழை இழையாக அறும். கியர் விழுவது திடீரென்று மந்தமானால் முதல் சந்தேகம் அங்கே.

கேரியர் போல்ட்: இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எம்5 போல்ட், 4 மி.மீ. ஆலன் கீ. போல்ட் இறுக்கமாக இருக்கும்வரை கேரியர் காலும் ஃபிரேமும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும், எடையை அந்தப் பிடிதான் தாங்கும். அரைச் சுற்றுத் தளர்ந்தாலும் எடை போல்ட்டின் உடம்பில் தொங்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு குழிக்கும் அது வளைந்து நிமிரும், சில நாளில் ஃபிரேமின் ஓட்டைக்குள்ளேயே முறிந்து நிற்கும். பாதி முறிந்த போல்ட்டை வழியில் எடுப்பது பெரும்பாடு. ஆகவே கீழ் இரண்டு, மேல் இரண்டு, நான்கையும் ஆலன் கீயின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இறுக்கிப் பாருங்கள். 5 - 6 நியூட்டன் மீட்டர் போதும், நீளப் பக்கத்தைப் பிடித்து முழுப் பலத்தையும் கொடுத்தால் மரை போய்விடும். நீல நிற மரைப்பசை ஒரு சொட்டு. மாற்று போல்ட் இரண்டைப் பையில் போட்டால் தேடும்போது கிடைக்காது, ஃபிரேமிலோ ஃபோர்க்கிலோ சும்மா இருக்கும் ஓட்டைகளில் திருகி வைத்துவிடுங்கள்.

ஸ்போக்: பக்கத்துப் பக்கத்து ஸ்போக்குகளை ஜோடி ஜோடியாக அமுக்கிப் பாருங்கள், அல்லது நகத்தால் மீட்டுங்கள். பின் வீலில் செயின் பக்கம் சுருதி கூடுதலாகவும் இடப்பக்கம் குறைவாகவும் கேட்பது இயல்பு. ஒரே பக்கத்துக்குள் ஒப்பிடுங்கள். பெண்டு பார்க்க, டிஸ்க் வண்டியில் ரிம் ஓரத்தில் பிரேக் கட்டை கிடையாது. பின் ஸ்டேயில் (பின் வீலின் இருபக்கமும் வரும் ஃபிரேம் குழாய்) ஒரு ஜிப் டை கட்டி, வாலை ரிம்மிலிருந்து 1 மி.மீ. தள்ளி நறுக்கினால் அதுவே முள். ரிம் வலப்பக்கம் வந்து உரசினால் அந்த இடத்தில் இடப்பக்கத்து ஸ்போக்கைக் கால் சுற்று இறுக்குங்கள். கால் சுற்றுதான், பிறகு சுற்றிப் பார்த்து அடுத்த கால். திசையில் குழப்பம் வரும். நிப்பிளை (ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்ன நட்டு) டயர் பக்கத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் கடிகாரச் சுற்று இறுக்கம். ஹப் பக்கத்திலிருந்து பார்த்தால் தலைகீழாகத் தெரியும்.

டயர்: வீலை மெல்லச் சுற்றி, வெட்டுகளில் சிக்கிய கண்ணாடித் துண்டையும் மெல்லிய இரும்புக் கம்பியையும் குத்தி எடுங்கள். பின் டயர் சீக்கிரம் தேயும், பாதிப் பயணத்தில் முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டால் இரண்டும் சமமாகத் தேயும்.

கை வைக்கக் கூடாதவை: பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்), ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்), ஹப் பேரிங். ஆட்டமோ சத்தமோ இல்லையென்றால் திறக்காதீர்கள். ஓய்வு நாளின் பொழுதுபோக்குக்காகத் திறந்த பேரிங் சாயங்காலம் சரியாக மூடாது.

---

எதிர்க்காற்று:

மேலே உள்ளதில் பெரும்பாலும் சரி, டயர் விஷயத்தில் மட்டும் உடன்பாடில்லை. தேய்ந்த பின் டயரை முன்னால் போடாதீர்கள். பின் டயர் வழுக்கினாலோ வெடித்தாலோ வண்டி ஆடும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன் டயர் போனால் திசையே போய்விடும், இறக்கத்தில் சுமையோடு என்றால் கேட்கவே வேண்டாம். பின் டயர் தீர்ந்ததும் முன் டயரைப் பின்னுக்குத் தள்ளி, புதியதை முன்னால் போடுவதே முறை. இரண்டும் சமமாகத் தேய்ந்து ஒரே நாளில் தீர்வதில் தனி ஆளுக்கு என்ன லாபம்?

தனி ஆளுக்கான விஷயங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பாகத்தைக் கழற்றாதீர்கள். பிரேக் பேடை எடுத்தால் அதை மாட்டி, லீவரைப் பத்து முறை அழுத்திப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம். வெளிர் நிறத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். பேடுக்கு நடுவில் இருக்கும் ஸ்பிரிங் துள்ளிப் புல்லில் விழுந்தால் தேட இன்னொரு ஜோடிக் கண் கிடையாது.

கடைக்கோ கழிப்பறைக்கோ போகும்போது: பாஸ்போர்ட், பணம், போன் மூன்றும் ஹேண்டில்பார் பையில், அந்தப் பை எப்போதும் உங்கள் தோளில். மீதி 17 கிலோ போனால் பயணம் கெடும், இந்த 2 கிலோ போனால் பயணமே முடிந்துவிடும். பூட்டு பின் வீலையும் ஃபிரேமையும் சேர்த்து, அசையாத ஒன்றோடு. ஹெல்மெட் வாரை முன் வீலுக்குள் விட்டுக் கொக்கி மாட்டுங்கள், கியரை மிகக் கனமானதில் விட்டுவிடுங்கள். திருட்டை இது தடுக்காது, ஏறி ஓட நினைப்பவனைச் சில விநாடி திணறவைக்கும், நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் அந்தச் சில விநாடி போதும். மெதுவான நாளில் சாமானைத் தங்கும் அறையில் இறக்கிவிட்டுக் காலி வண்டியில் சுற்றுங்கள். ஆனால் பம்பு, டியூப், டயர் லீவர் மட்டும் கூடவே வரட்டும்.

வீட்டில் ஒருவருக்கு மட்டும் செய்தி, 'இன்று இரவு இந்த இடம். நாளை இரவு 9 மணிக்குள் தகவல் வராவிட்டால் கவலைப்படலாம்' என்று. இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால், சிக்னல் இல்லாத முதல் ஊரிலேயே வீட்டில் எல்லோரும் பதறுவார்கள்.

மின்சாரம்: 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கு, அதாவது 37 வாட் மணி. மாற்றத்தில் போகும் இழப்பைக் கழித்தால் கையில் 30 போல நிற்கும். 4,500 எம்.ஏ.எச். போனை ஒன்றே முக்கால் தடவை நிரப்பலாம், இரண்டரை தடவை அல்ல. பவர் பேங்கை நிரப்ப 10 வாட் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் செருகிவிடுங்கள். அடுத்த ஆறு நாளுக்கான வரைபடத்தை இறக்கி, போனை விமான நிலையில் போட்டு அது திறக்கிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

---

உப்புத்தாள்:

பஞ்சரான டியூப்களைச் சேர்த்து ஒட்டவும் இதுதான் நாள். வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். நன்றாக உலர்த்தி, பேட்சைவிட அகலமான வட்டத்துக்கு உப்புத்தாள் போடுங்கள், பளபளப்பும் டியூப்பில் உள்ள வார்ப்புக் கோடும் போக வேண்டும். சொல்யூஷனை மெல்லிய பூச்சாகத் தடவி, ஐந்து நிமிடம் காயவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டுவதுதான் பேட்ச் பிரிவதற்கு முதல் காரணம். ஒட்டிய பிறகு விரலால் அல்ல, டயர் லீவரின் வளைவால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். திறந்த சொல்யூஷன் டியூப் சில மாதத்தில் உள்ளேயே காய்ந்துவிடும், பெரியது ஒன்றுக்குப் பதில் திறக்காத சின்னது இரண்டு வையுங்கள்.

டயர் மாட்டும்போது அதன் எழுத்து வால்வுக்கு நேராக வரட்டும். அடுத்த பஞ்சரில் டியூப்பின் ஓட்டையை வைத்து டயரில் முள் எங்கே என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

---

இருக்கை நோக்காடு:

உடம்பு பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை.

சீட்டு உயரத்தையோ சாய்வையோ மாற்றுவதாக இருந்தால் இந்த 30 கி.மீ. நாளில்தான் மாற்ற வேண்டும், 90 கி.மீ. நாளின் காலையில் அல்ல. முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட்டு தாழ்வாக இருக்கலாம், அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால் சீட்டு உயரமாக இருக்கலாம். ஒரு தடவைக்கு 3 மி.மீ. தான். மாற்றுவதற்கு முன் சீட்டுக் கம்பியில் டேப் சுற்றிப் பழைய அளவைக் குறித்துவையுங்கள், தப்பாகப் போனால் திரும்பி வர வழி வேண்டும்.

சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்தால் உள்ளங்கையின் வெளியோரத்தில் உள்ள அல்நார் நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் என்றால் மீடியன் நரம்பு. கையுறையை மாற்றுவதற்கு முன் சீட்டைப் பாருங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி, எடை முழுக்கக் கையில் விழும்.

உட்காரும் இடத்தில் கொப்புளம், சிவப்பு இருந்தால் மென்மையான சோப்பில் கழுவி, முழுக்க உலர்த்தி, அன்றைக்குப் பேட் வைத்த டிராயரே போடாமல் காற்றோட்டமாக விடுங்கள். சீழ் அல்லது காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள். டிராயரைத் துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் வேண்டாம், வியர்வையை உறிஞ்சும் தன்மை குறையும். துவைத்ததைத் துண்டில் சுருட்டி, அந்தச் சுருளின் மேல் ஏறி மிதித்தால் பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு உள்பக்கத்தை வெளியே திருப்பி வெயிலில் போடுங்கள். கூடாரத்தை மட்டும் நிழலில் விரியுங்கள். ஈரத்தோடு மடித்தால் உள்பூச்சு நாளடைவில் பிசுபிசுக்கும், கடும் வெயில் துணியைக் கெடுக்கும்.

வயிற்றுப்போக்கு வந்து கையில் உப்புக் கரைசல் பொட்டலம் இல்லையென்றால், 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டுமே தலைதட்டி. உப்பைக் கூட்டாதீர்கள். அன்றைக்குப் பயணமும் வேண்டாம்.

---

தனிச்சக்கரம்:

எல்லோருக்கும் நன்றி. செயினை இப்போது அளந்தேன், 306.6 மி.மீ. இன்னும் 4 வாரம் பாக்கி. தவிர, மிதிக்கும்போது ஒரு 'டிக்' சத்தம். எங்கிருந்து என்று பிடிபடவில்லை.

---

பல்சக்கரம்:

306.6 என்றால் 0.6 சதவீதம். 9 ஸ்பீடில் இன்னும் கொஞ்சம் ஓடும், ஆனால் 4 வாரம், அதாவது 2,000 கி.மீ.க்கு மேல், தாங்காது. கடை இருக்கும் இந்த ஊரிலேயே புதியதை வாங்கிக்கொள்ளுங்கள். 307ஐத் தொடும்போது மாட்டலாம், மழையும் மண்ணுமான பாதை என்றால் உடனே மாட்டிவிடுவது மேல். பழையதையும் புதியதையும் பக்கத்தில் நீட்டி வைத்து நீளத்தை ஒப்பிட்டு வெட்டாதீர்கள். பழையது தேய்ந்து நீண்டிருக்கும், தப்பு வரும். கண்ணிகளை எண்ணி வெட்டுங்கள்.

சத்தத்துக்கு முதலில் எத்தனை சுற்றுக்கு ஒரு தடவை கேட்கிறது என்று எண்ணுங்கள். பெடல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பெடல், கிராங்க் போல்ட், செயின்ரிங் போல்ட். பெடலைக் கழற்றி மரையைத் துடைத்து கிரீஸ் தடவி மாட்டினாலே பாதிச் சத்தம் போய்விடும். இடப் பெடலின் மரை தலைகீழ், கடிகாரச் சுற்றில்தான் கழலும். இரண்டரைச் சுற்றுக்கு ஒரு தடவை என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. 110 கண்ணிச் செயின் 44 பல் ரிங்கில் ஒரு முழு வட்டம் வர இரண்டரைச் சுற்றுதான் ஆகும், 32 பல் என்றால் ஏறக்குறைய மூன்றரை. பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, டீரெய்லரின் (பின்னால் கியர் மாற்றும் கை) கீழ்ச் சக்கரத்தைத் தாண்டும்போது எந்தக் கண்ணி துள்ளுகிறது என்று பாருங்கள். அதை இரண்டு கையாலும் பக்கவாட்டில் வளைத்து வளைத்து விட்டால் இளகும்.

எழுந்து நின்று மிதிக்கும்போது சத்தம் நின்றுபோனால் இதெல்லாம் எதுவும் இல்லை, சீட்டுக் கம்பியைக் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். டேப் அடையாளத்தை மறக்காமல்.